செத்த பிறகு தேறி வந்த உத்திராபதி

பூலாம்பாடி கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த ராசாங்கம் வாழ்க்கையில் பெரிய பொய் எதுவும் சொன்னவன் இல்லை. 'நாளைக்கு வாங்க, தைச்சு வச்சிடுறேன்' என்பது தினமும் அவன் வாயில் வரும்தான். ஆனால் தையற்காரன் சொல்லும் நாளையை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. சொல்பவனும் நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை, இருவருக்கும் அதில் வருத்தமும் இல்லை. அவன் அப்பா அடுத்தவர் கொல்லைக்காட்டில் குனிந்தே காலத்தைக் கழித்தவர். மகன் அடுத்தவர் துணியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். இதைத் தெருவில் முன்னேற்றம் என்றார்கள். முதுகுவலியில் மட்டும் பரம்பரை மாறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூர் இன்னும் திருச்சி ஜில்லாவில் ஒரு தாலுகாவாகப் படுத்துக் கிடந்தது. அந்த நாளில்தான் ராசாங்கத்திடம், செத்துப்போன மாமனாரை உயிரோடு வைத்திருக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது.

மாமனார் பெயர் உத்திராபதி. ஊர் தா.பழூர், கொள்ளிடத்துத் தண்ணீரில் நெல் விளையும் பூமி. அங்கே பிறந்த அவர் மகள் காத்தாயி, கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவேண்டிய பூலாம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பெண் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளை வெயிலில் நின்று வேலை செய்யாதவன் அல்லவா. காத்தாயிக்கு விவரம் தெரியும் முன்பே தாய் போய்விட்டாள். அவளையும் அண்ணன் செல்லக்கண்ணுவையும் உத்திராபதிதான் ஆக்கிப் போட்டு வளர்த்தார். மகளுக்காகச் சடை பின்னக் கற்றுக்கொண்ட ஆண்பிள்ளை என்று தா.பழூரில் அவரைக் கேலி பேசுவார்கள். பேசியவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளெல்லாம் அவரிடம் வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி அதில் உயிர் விராலைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியது. அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறி, வாளி தளும்பாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். காத்தாயிக்கு விரால் என்றால் உயிர். அது மசக்கைக்கு முன்பு. வாளி மூடியைத் திறந்ததும் அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள். குடல் வெளியே வந்துவிடும் போலக் குமட்டிக்கொண்டே, "அந்தக் கருமத்தைத் தூக்கிக்கிட்டு நீ மொதல்ல வெளிய போப்பா" என்று கத்தினாள்.

அவர் போனார். டீக்கடைக்குத்தான் போயிருப்பார் என்று அவள் நினைத்தாள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஊருக்கே போய்விட்டார் என்று தெரிந்தது. ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை. ராசாங்கம் சமாதானம் சொன்னான். அவள் தலையாட்டினாள். சமாதானம் ஆனவர்களும் ஆகாதவர்களும் ஒரே மாதிரிதான் தலையாட்டுகிறார்கள் என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதமே, மடை திருப்பப் போன உத்திராபதி வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சேதி கொண்டுவந்தவன் நல்லவேளையாகக் கடைக்கு வந்தான். ராசாங்கம் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினான். அவன் அம்மா குஞ்சம்மாள், எந்த விஷயமானாலும் யோசிப்பதற்கு முன்பே முடிவெடுக்கும் திறமை உடையவள். போன வாரம்தான் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, மாசமாக இருப்பவளை மனசு கோணாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றுப் பிள்ளைக்கு அதுதான் சத்து என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கர்ப்பிணி காதில் சாவுச் சேதி விழக்கூடாது என்பது தெருவில் காலம் காலமாக இருக்கும் சட்டம். ஆஸ்பத்திரியும் தெருவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதனாலேயே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். யாரும் பயப்படவில்லை.

"வாயும் வயிறுமா இருக்கறவ காதுல எழவு விழக்கூடாது," என்றாள் குஞ்சம்மாள். "புள்ள பொறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன். அது வரைக்கும் அந்தாளு உசிரோடயே இருக்கட்டும்."

அனுமதி கொடுப்பது போலத்தான் சொன்னாள். எமன் வேறு மாதிரி முடிவு செய்திருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராசாங்கம் திருச்சிக்கு லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாமனார் சாவுக்குப் போனான். போயும் பிரயோசனம் இல்லை. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருசன் பாடை தொடக்கூடாது, சுடுகாட்டுக்கும் வரக்கூடாது என்று அங்கே அவனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பறைச் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறையும்வரை மாப்பிள்ளை ஒரு புளியமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். திரும்பும் வழியில் குளித்து, திருச்சி போய் வந்தவன் கையில் ஏதாவது இருக்கவேண்டுமே என்று பெரம்பலூரில் லைனிங் துணியும் வாங்கிக்கொண்டு வந்தான்.

காத்தாயி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "அப்பா கிட்டேர்ந்து எதாச்சும் தாக்கல் வந்துச்சாங்க?"

"நல்லா இருக்காராம்," என்றான் ராசாங்கம்.

அவனுடைய முதல் பெரிய பொய் அது. இத்தனை சுலபமாக வந்துவிட்டதே என்று அவனுக்கே ஆச்சரியம்.

சொன்ன பொய் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் தேவலை. அது உட்காராது. தெருவில் எல்லோருக்கும் விஷயம் சொல்லி, யாரும் வாய் திறக்கக்கூடாது என்று குஞ்சம்மாள் கட்டளை போட்டிருந்தாள். வாய் திறக்கக்கூடாது என்றதைத் தெரு, வாய் திறந்து ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவள் எதிர்வீட்டு மருதாயி. நாற்று நட கொள்ளிடக்கரைப் பக்கம் போய் வந்தவள் அவள். உத்திராபதியைக் கடைவீதியில் பார்த்ததாகவும், ஆள் தெம்பாக இருப்பதாகவும் சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். காத்தாயியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரக் கண்டதும் அவளுக்கு வாய் நீண்டது. "பொயலையக்கூட வுட்டுட்டாரு தாயி," என்றாள்.

உயிரோடு இருந்தவரை உத்திராபதி விடாத புகையிலை அது. செத்த பிறகு விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் நாளுக்கு நாள் தேறி வந்தார். அடுத்து வந்தவள் அவரைப் புது வேட்டியில் பார்த்தாள். இன்னொருத்தி, கறவை மாடு ஒன்று பிடித்திருப்பதாகச் சொன்னாள். மாட்டின் நிறம் செவலையா காரியா என்பதில் தெருவுக்குள் கொஞ்சம் மனஸ்தாபம்கூட வந்தது. முட்டிவலி போய்விட்டது. இருமல் நின்றது. பூலாம்பாடியில் உயிரோடு இருந்த எந்தக் கிழவனும் அந்த வருடம் அவ்வளவு ஆரோக்கியமாக இல்லை.

இத்தனையையும் கேட்டுக்கொண்டு காத்தாயி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். என்னைப் பத்திக் கேட்டாரா? கேட்டாரு, கேட்டாரு என்றார்கள். அப்புறம் ஏன் வரலை என்றாள். அதற்குத் தெருவில் யாரும் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை.

மீனுக்காகக் கத்தியதைத் திரும்பத் திரும்ப ராசாங்கத்திடம் சொன்னாள். அவர் கோவத்துலதான் இருக்காருங்க, என்றாள். முட்டிவலி இருந்தபோது வாளியோடு ரெண்டு பஸ் மாறி வந்தவர், முட்டிவலி போன பிறகு ஏன் வரவில்லை? அவன் மிஷினைப் பார்த்துக்கொண்டே, வருவாரு புள்ள, வேலையா இருக்கும் என்றான். செத்துப்போன அப்பன் வரமாட்டான். அதில் யாருக்கும் குறை இல்லை. நன்றாக இருக்கும் அப்பன் வராவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அவளுக்குத் துக்கம் வரக்கூடாது என்று சாவை எடுத்து ஒளித்து வைத்தவர்கள், அந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அன்பாக இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

வளைகாப்பு வந்தது. முதல் பிள்ளை என்பதால் பிறந்தவீட்டார் கட்டுச்சோற்றோடு வந்து வளையல் போட்டு, பிரசவத்துக்குப் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு போகவேண்டும். அண்ணன் செல்லக்கண்ணு மட்டும் வந்தான். அப்பனுக்குக் கொள்ளி வைத்து எடுத்த மொட்டையில் முடி இன்னும் சீவும் அளவுக்கு வளரவில்லை. மொட்டைக்குச் சமயபுரத்து வேண்டுதல் என்று காரணம் சொல்லச் சொல்லி, சிரித்த முகமாக இரு என்றும் குஞ்சம்மாள் பஸ் நிறுத்தத்திலேயே அவனைப் பிடித்துப் பாடம் நடத்தியிருந்தாள். அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் விஷயம் தெரிந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அப்பா ஏண்ணே வரலை?" என்றாள் காத்தாயி.

"வயல்ல வேலை."

"அறுப்புதான் முடிஞ்சு போச்சே."

செல்லக்கண்ணு வளையலை எண்ணுவது போலக் குனிந்துகொண்டான்.

"என்னைய அழைச்சிக்கிட்டுப் போகத்தானே வந்திருக்க?"

"கூரை பிரிச்சிப் போட்டிருக்கும்மா. மழை வேற. இங்கயே பெத்துக்கன்னு அப்பாதான் சொல்லச் சொன்னாரு."

மற்றவர்கள் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை இந்த ஒன்று செய்தது. காத்தாயி அழவில்லை. கை நிறைய வளையலோடு எல்லோருக்கும் சோறு பரிமாறினாள். அன்றோடு அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு மற்றதைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். வைத்ததைத் தின்றாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். குஞ்சம்மாளுக்குப் பரம திருப்தி. அழாத பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது அவள் கண்ட உண்மை. "பாத்தியாடா, எவ்வளவு நெதானமாயிட்டா," என்று மகனிடம் பெருமைப்பட்டாள்.

ராசாங்கத்துக்குத்தான் ஒரு சின்னச் சங்கடம். வளைகாப்புக்கு அளவெடுத்து அவன் தைத்த ஜாக்கெட்டில் இப்போது கை தொளதொளத்தது. முதலில் தன் கத்தரியைச் சந்தேகப்பட்டான், பிறகு டேப்பைச் சந்தேகப்பட்டான். பிரித்து, பிடித்துத் தைத்துக் கொடுத்தான். சில நாளில் அதுவும் தொளதொளத்தது. வயிறு முன்னால் போய்க்கொண்டிருக்க, கை மட்டும் குச்சியாகிக்கொண்டு வந்தது. ஊரில் எந்தப் பெண் உடம்பு பூசினாலும் இளைத்தாலும் அவள் புருசனுக்கு முன்பே கண்டுபிடிக்கிறவன், தன் பெண்டாட்டி விஷயத்தில் டேப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தான். சொல்லிவிடலாமே அம்மா என்றான்.

"சொல்லிட்டு, வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பா?" என்றாள் குஞ்சம்மாள்.

அவன் மிஷினுக்குத் திரும்பினான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, சுகப் பிரசவம். எடை மட்டும் கொஞ்சம் குறைவு என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் தெருவே திரண்டு பார்க்க வந்தது. மருதாயி பிள்ளையை மடியில் வாங்கி, மூக்கையும் நெற்றியையும் பார்த்து, மெய்ம்மறந்து சொல்லிவிட்டாள்: "அச்சு அசல் தாத்தாவேதான் வந்து பொறந்திருக்காரு."

செத்தவர்தான் வந்து பிறக்க முடியும்; அது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மருதாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குஞ்சம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் எரிந்து போயிருப்பார்கள். ராசாங்கம் காத்தாயியைப் பார்த்தான்.

காத்தாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் காதில் விழுந்தது. விழாமல் இருக்க அவள் செவிடு இல்லை. ஆனால் விழுந்ததை எடுத்துப் பார்க்க அவளுக்குள் யாரும் இல்லை.

தப்பித்தோம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ராசாங்கம் மட்டும் அந்தச் சுவரில் அவள் எதைப் பார்க்கிறாள் என்று குனிந்து பார்த்தான்.

பிள்ளை பிறந்ததும் தானே சொல்லிவிடுவதாகக் குஞ்சம்மாள் கெடு வைத்திருந்தாளே. பிள்ளை பிறந்தது. பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது என்றாள். பச்சை உடம்பு தேறியது. பால் கொடுக்கிறவளிடம் சொன்னால் பால் வற்றிப் போகாதா என்றாள். ஒரு பெண்ணிடம் அவள் அப்பன் செத்ததைச் சொல்ல உகந்த நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. தேடுகிறவர்களுக்கும் அவசரம் இல்லை. உத்திராபதி இதற்குள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

பிள்ளை தங்கமான பிள்ளை என்று பெயர் வாங்கியது. அழுவதில்லை. போட்ட இடத்தில் கிடக்கும். தெருவில் மற்ற பிள்ளைகள் வீட்டைக் கூரையோடு பெயர்க்கும்போது இது மட்டும் சேலையில் கட்டிய ஏணையில் கிடந்து விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும். காத்தாயி நேரத்துக்குப் பால் கொடுத்தாள், துடைத்தாள், மாற்றினாள், திரும்ப ஏணையில் போட்டாள். ஒரு வேலையும் விட்டுப்போகாது. பால் கொடுக்கும்போது அவள் வாசலைப் பார்த்தாள், பிள்ளை அவள் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தது. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்ட இரண்டு அந்நியர்கள் மாதிரி இருந்தார்கள்.

முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம் வந்து, வந்த வழியே போய்விட்டது. ராசாங்கம் கடையிலிருந்து சிவப்பு நூல்கண்டைக் கொண்டுவந்து ஆட்டிப் பார்த்தான். பிள்ளையின் கண் நூல்கண்டோடு போயிற்று. அதை மறைத்துவிட்டுத் தன் முகத்தைக் காட்டினான். கண் விட்டத்துக்குப் போயிற்று. தையற்காரன் முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவன் சிரித்துக்கொண்டான். சிரித்தபடியே வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

குஞ்சம்மாள் சும்மா இருக்கவில்லை. சுற்றிப் போட்டாள், மந்திரித்த கயிறு கட்டினாள், மிளகாயை நெருப்பில் போட்டு நெடி வருகிறதா என்று மோந்து பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகு மீதி இருந்தது டாக்டர்தான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிள்ளையின் காதருகே சொடக்குப் போட்டாள், கண்ணில் டார்ச் அடித்தாள், கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றாள். பிறகு பிள்ளையை விட்டுவிட்டு, காத்தாயியைப் பார்க்க ஆரம்பித்தாள். காத்தாயி மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ புள்ளையோட பேசறாளா?" என்றாள் டாக்டரம்மா.

"அவளுக்கு ஒரு குறையும் கெடையாதுங்க," என்றாள் குஞ்சம்மாள். "மாசமா இருந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கவலைய நாங்க அவகிட்ட அண்ட வுட்டதில்லை. சந்தோசமா இருக்கா."

"சந்தோசமா இருக்கறவங்களை நானும் பாத்திருக்கேன்மா. இந்தப் புள்ளை மொகத்தை இவ ஒரு தடவைகூடப் பாக்கலை, வந்ததுலேர்ந்து. அப்புறம் அது யாரைப் பாத்துச் சிரிக்கும்? இவளுக்கு என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்க," என்றாள் குஞ்சம்மாள்.

அது சத்தியம். நடந்தது எதையும் காத்தாயிக்கு நடக்க விடவில்லை. ராசாங்கத்துக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஏதோ நடந்திருக்கிறது, யாராவது அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். வெறும் பேச்சோடு அனுப்பினால் வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பூலாம்பாடி பஸ் இன்னும் வரவில்லை. உச்சி வெயில். குஞ்சம்மாள் வெற்றிலை வாங்கிவரப் போனாள். பெஞ்சில் காத்தாயியும், அவள் மடியில் பிள்ளையும், பக்கத்தில் டானிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ராசாங்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா திரும்பி வந்துவிட்டால் தைரியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். முன்னுரைக்கு நேரம் இல்லை.

"உங்கப்பா செத்துட்டாரு புள்ள," என்றான்.

காத்தாயி திரும்பினாள். "எப்ப?"

"நீ மாசமா இருந்தப்ப. மீனு கொண்டாந்தாருல்ல, அதுக்கு அடுத்த மாசம். மடை திருப்பப் போன எடத்துல."

"வளைகாப்புக்கு முன்னயேவா?"

"ஆமா."

அவள் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். கடைசியாக எப்போது அப்படிப் பார்த்தாள் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அப்ப எம்மேல கோவம் இல்லையா?"

"கோவமா? மீனை இந்த பஸ் ஸ்டாண்டுலயே எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஊருக்குப் போயி, எம்மவ என்னா வாந்தி எடுக்கறாங்குற, கட்டாயம் பேரன்தான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாராம். செல்லக்கண்ணு சொன்னான்." டானிக் பாட்டிலை மடியில் வைத்தான். "நாங்கதான் புள்ள சொல்லலை. வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னாங்க."

"செத்துப் போயிதான் வரலையா," என்றாள் காத்தாயி. சொல்லும்போது அவள் முகத்தில் வந்ததற்கு நிம்மதி என்று பெயர் வைத்தால் கேட்பவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை. அப்பன் செத்ததைக் கேட்டு ஒரு பெண்ணுக்கு உயிர் வந்ததை ராசாங்கம் கண்ணால் பார்த்தான்.

பிறகு அவள் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துத் தலையை விரித்துவிட்டு, வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள்.

வரப்போரம் சாஞ்சீங்களே, என்னைப் பெத்த அப்பா,
வாழறதா சொன்னாங்களே வாயி கூசாம.
பொயலையத்தான் வுட்டதா புளுகினாளே மருதாயி,
பூமியையே வுட்டது புரியலையே பாவிக்கு.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு திரும்பிப் பார்த்தது. யாருக்கு என்ன என்று கூடினார்கள். அப்பா செத்துட்டாருங்க என்றான் ராசாங்கம். எப்பங்க என்று கேட்டவரிடம் போன வருசம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர் இவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். பெண்கள் அப்படி விசாரிக்கவில்லை. ஒப்பாரி காதில் விழுந்த பிறகு பேசாமல் பஸ் ஏறிப் போகிற வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. வெங்காய மூட்டையோடு வந்த ஒருத்தி மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து காத்தாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். உத்திராபதியை முன்பின் பார்த்திராதவர்கள் அவர்கள். அவரைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லாதவர்களும் அவர்கள்தான்.

குஞ்சம்மாள் வெற்றிலையோடு திரும்பி வந்தபோது ஒப்பாரியில் மாமியார் முறை வந்திருந்தது.

மாமியாரு வூட்டுல மறைச்சு வச்ச சாவு, அதை
மகமேல கோவமின்னு மாசமெல்லாம் மருகினேனே.

கூட்டம் திரும்பி மாமியாரைத் தேடியது. குஞ்சம்மாள் கொஞ்சம் நின்றாள். மகனை முறைத்தாள். "பால் வத்திடும்டி," என்று ஆரம்பித்தவள், காத்தாயியின் ஜாக்கெட் முன்பக்கம் பாலில் நனைந்து இருண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சம்பந்தி செத்ததற்கு அவளும் இன்னும் அழவில்லை. தெருவையே நடத்துகிற பொறுப்பில் அதற்கு நேரமில்லாமல் போயிருந்தது. வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு, தன்னைத் திட்டும் ஒப்பாரியில் தானும் உட்கார்ந்து கலந்துகொண்டாள்.

பூலாம்பாடி பஸ் வந்து, நின்று, போனது.

ராசாங்கம் பிள்ளையைப் பார்த்தான். இத்தனை சத்தத்தில் அது அழவில்லை. விட்டத்தைப் பார்க்க அங்கே விட்டமும் இல்லை. மேலே குனிந்திருந்த அம்மாவின் வாயை, அது திறப்பதையும் மூடுவதையும், கன்னத்தில் இறங்கும் தண்ணீரையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் வாயைத் திறந்தது. மூடியது. கதையில் வருவது போலச் சிரித்துவிடவில்லை; சிரிக்க இன்னும் நாள் ஆயிற்று. தொண்டையிலிருந்து 'ங்கா' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

காத்தாயி ஒப்பாரி அடியைப் பாதியில் நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னடா பாக்கற?" என்றாள்.

அவள் தன் பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே பதிலை மறுபடி சொன்னது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். தலையை முடிந்துகொண்டு, பூலாம்பாடிக்கு இப்ப வரலை, தா.பழூர் போகணும் என்றாள். மாற்றுப் புடவை இல்லை, பிள்ளைக்குத் துணி இல்லை, கடை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல ராசாங்கத்திடம் நிறைய இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு அரியலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். குஞ்சம்மாள் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா கொடுத்த டானிக்குக்கு உடனே பலன் தெரிகிறது என்று பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள். பாட்டிலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் புறப்பட்டதும் காத்தாயி பிள்ளையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராக மடியில் நிறுத்தினாள். தலை ஆடாமல் பிடரியில் கை கொடுத்துக்கொண்டாள்.

"இந்தா பாரு," என்றாள். "உங்க தாத்தா செத்துட்டாருடா."

பால் குடிக்கிற பிள்ளை காதில் சாவுச் சேதி போடலாமா என்று கேட்கக் குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். பிள்ளை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு வெற்றிலையைப் பிரித்தாள்.